டிவைடர் வாங்கும் முன்: இருவழி ஸ்பீக்கருக்கு எந்த கிராஸ்ஓவர்?

வீட்டிலேயே ஸ்பீக்கர் கட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "கிராஸ்ஓவரின் சரிவு 6 டெசிபல் நல்லதா, 12 நல்லதா, 24 நல்லதா?" என்பதுதான். இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. உங்களிடம் இருக்கும் வூஃபரும் ட்வீட்டரும் என்ன ரகம் என்று தெரிந்தால்தான் எந்தச் சரிவு பொருந்தும் என்று சொல்லலாம். அதனால் ஒரே உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போவோம்: ஆறரை அங்குல வூஃபர், ஒரு அங்குல டோம் ட்வீட்டர், இரண்டும் 8 ஓம், ஷெல்ஃபில் வைக்கும் அளவில் 20 சென்டிமீட்டர் அகலப் பெட்டி. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிடத் தோதான ஜோடி கிடையாது. மூன்று வழி ஸ்பீக்கர் ஆசை இருந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கிராஸ்ஓவரின் வேலை ஒன்றுதான்: கீழ்ச் சுருதிகளை வூஃபருக்கும் மேல் சுருதிகளை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புவது. கடைகளில் இதை டிவைடர், நெட்வொர்க் என்றும் சொல்வார்கள்.

முதலில் டேட்டாஷீட்

காயிலும் கண்டன்சரும் வாங்குவதற்கு முன் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ட்வீட்டரின் ஒத்ததிர்வு அதிர்வெண், அதாவது அது தன் போக்கில் அதிகமாக அதிரும் இடம். நம் உதாரணத்தில் 1000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு, இரண்டு டிரைவர்களின் (வூஃபர், ட்வீட்டர் இரண்டுக்கும் பொதுப்பெயர்) சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்பது: வூஃபர் 87 டெசிபல், ட்வீட்டர் 91. மூன்று, வூஃபரின் டிசி ரெசிஸ்டன்ஸும் குரல் காயிலின் இண்டக்டன்ஸும் (அதிர்வெண் ஏற ஏறத் தடையைக் கூட்டும் குணம்): 6 ஓம், 0.6 மில்லிஹென்றி. நான்காவது ஒரு படம்: வூஃபரின் அதிர்வெண் வரைபடத்தில் கோடு எந்த இடத்தில் சீராக ஓடுவதை நிறுத்தி மேடு பள்ளமாகக் குதிக்க ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். காகிதக் கூம்பில் இந்தக் குதிப்பு மிதமாக இருக்கும். அலுமினியக் கூம்பில் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஊசி மாதிரி ஒரு முகடு நிற்பதைப் பல வரைபடங்களில் பார்க்கலாம்.

பழைய ஹோம் தியேட்டரில் இருந்து கழற்றிய டிரைவர், டேட்டாஷீட்டே இல்லை என்றால்? ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள், ஒரு சவுண்ட் கார்டு, மதிப்பு துல்லியமாகத் தெரிந்த ஒரு ரெசிஸ்டர், இவை போதும். இம்பிடன்ஸ் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடை) வரைபடத்தை வீட்டிலேயே எடுத்துவிடலாம். அதில் ட்வீட்டரின் முகடு எங்கே நிற்கிறதோ அதுதான் ஒத்ததிர்வு. இதைச் செய்யாமல் குத்துமதிப்பாகக் கட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எந்த இடத்தில் பிரிப்பது

இரண்டு பக்கமும் நெருக்கடி இருக்கிறது. கீழிருந்து நெருக்குவது ட்வீட்டர். அதன் ஒத்ததிர்வைப் போல் குறைந்தது இரண்டு மடங்குக்கு மேல் பிரிக்க வேண்டும் என்பது பொதுவான பழக்கம். நமக்கு அது 2000 ஹெர்ட்ஸ். மேலிருந்து நெருக்குவது வூஃபர். ஆறரை அங்குலம் என்று விற்றாலும் காற்றைத் தள்ளும் கூம்பின் குறுக்களவு ஏறக்குறைய 13 சென்டிமீட்டர்தான். ஒலியின் அலைநீளம் அதே 13 சென்டிமீட்டர் ஆவது 2600 ஹெர்ட்ஸ் வாக்கில். அதற்கு மேல் வூஃபரின் ஒலி நேர் எதிரே குவிந்துவிடும், பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் போய்ச் சேராது.

ஆக 2000-க்கும் 2600-க்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல்தான் கிடைக்கிறது. கணக்குக்கு 2500 எடுத்துக்கொள்வோம். அந்த அதிர்வெண்ணின் அலைநீளம் கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர். வூஃபர் மையத்துக்கும் ட்வீட்டர் மையத்துக்கும் இடையே உள்ள தூரம் இதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தாண்டினால், எழுந்து நின்றால் ஒரு சத்தம், உட்கார்ந்தால் வேறு சத்தம் என்று ஆகிவிடும். அதனால் பெட்டியில் துளை போடும்போதே இரண்டையும் முடிந்தவரை ஒட்டி வையுங்கள்.

உங்கள் ட்வீட்டரின் ஒத்ததிர்வு 1500 என்றால் இந்த ஜன்னல் மூடிவிடும். அப்போது 3000-க்கு மேல் போக வேண்டும், வூஃபரும் ஐந்து அங்குலத்துக்கு இறங்க வேண்டும். 1970களில் பிபிசி பொறியாளர்கள் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் அப்படிப்பட்ட ஜோடிதான்: கெஃப் நிறுவனத்தின் ஐந்து அங்குல பி110 வூஃபர், சின்ன டி27 ட்வீட்டர், பிரிவு 3000 ஹெர்ட்ஸை ஒட்டி. பெட்டி என்னவோ கைக்கு அடக்கம். ஆனால் உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர் போர்டில் பாகங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்.

சரிவு: 6, 12, 24

சரிவு என்றால், பிரிவு இடத்தைத் தாண்டியதும் ஒரு ஸ்தாயிக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் அல்லது பாதியாகும் தூரத்துக்கு, எத்தனை டெசிபல் குறைகிறது என்பது. நம் ட்வீட்டர் மிகவும் பயப்பட வேண்டிய 1000 ஹெர்ட்ஸில் மூன்று சரிவுகளும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். 2500-இல் பிரித்தால், 6 டெசிபல் வடிப்பான் (ஃபில்டர்) அங்கே 8.6 டெசிபல்தான் குறைக்கிறது. 12 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி (இது ஒரு வடிப்பான் வகை, பின்னால் வருகிறது) 17 டெசிபல் குறைக்கிறது. 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி 32 டெசிபல். வாட் கணக்கில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். ஆம்ப் அந்த அதிர்வெண்ணில் 20 வாட் கொடுக்கிறது என்றால், முதல் வகையில் ட்வீட்டருக்கு 2.8 வாட் போகிறது, இரண்டாவதில் 0.4 வாட், மூன்றாவதில் 0.013 வாட். ஒத்ததிர்வு இடத்தில் 2.8 வாட் வாங்கும் ஒரு அங்குல டோம், சத்தம் கூட்டினால் கரகரக்கும். பிறகு ஒரு நாள் எரிந்தும் போகும்.

6 டெசிபலில் ட்வீட்டருக்கு ஒரு கண்டன்சர், வூஃபருக்கு ஒரு காயில், அவ்வளவுதான். கணக்கும் சுலபம்: 1,59,155 என்ற எண்ணை, அதிர்வெண்ணையும் ஓமையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் கண்டன்சர் மைக்ரோஃபாரடில் வரும். காயிலுக்கு 159.155-ஐ ஓமால் பெருக்கி அதிர்வெண்ணால் வகுத்தால் மில்லிஹென்றி. நமக்கு 8 மைக்ரோஃபாரடும் 0.51 மில்லிஹென்றியும் வருகின்றன. இரண்டின் ஒலியும் சேரும்போது அலைவடிவம் சிதையாமல் திரும்பக் கிடைப்பது இந்தச் சரிவில் மட்டும்தான். அதற்காகவே தீல், வாண்டர்ஸ்டீன் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டன. ஆனால் அதற்கு இரண்டு டிரைவர்களும் பிரிவு இடத்துக்கு அப்பாலும் இரண்டு ஸ்தாயி ஒழுங்காகப் பாட வேண்டும், முன்பலகையைச் சாய்த்தோ படி வைத்தோ இரண்டையும் காலத்தால் வரிசைப்படுத்த வேண்டும். அப்படிப்பட்ட டிரைவர்கள் நம் பட்ஜெட்டில் சிக்குவது அபூர்வம். "குறைந்த பாகம், சுத்தமான ஒலி" என்று இதை விற்பவர்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

12 டெசிபலுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு காயில், ஒரு கண்டன்சர். இதற்குள் இரண்டு குணங்கள் உண்டு. பட்டர்வொர்த் வகையில் 5.6 மைக்ரோஃபாரடும் 0.72 மில்லிஹென்றியும் வரும். பிரிவு இடத்தில் இரண்டு டிரைவர்களும் 3 டெசிபல் குறைந்து நிற்கும், சேரும்போது 3 டெசிபல் மேடு விழும். லிங்க்விட்ஸ்-ரைலி வகையில் 4 மைக்ரோஃபாரட், 1.02 மில்லிஹென்றி, 6 டெசிபல் குறைந்து நின்று சமமாகச் சேரும். வீட்டு ஸ்பீக்கருக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். எதை எடுத்தாலும் இரண்டு டிரைவர்களுக்கும் நடுவே 180 டிகிரி ஃபேஸ் வித்தியாசம் வருவதால், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குவதால், ட்வீட்டரின் பிளஸ் மைனஸை மாற்றி இணைக்க வேண்டும். சர்க்யூட் படத்தில் ட்வீட்டர் தலைகீழாக இருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

18 டெசிபலைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. நன்றாக வேலை செய்யும், ஆனால் முதல் ஸ்பீக்கருக்கு அது தேவைப்படாது.

24 டெசிபல்தான் இன்று பெரும்பாலானோர் குறிவைப்பது. ஹியூலெட்-பேக்கர்டில் வேலை பார்த்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் சேர்ந்து உருவாக்கியது இது. லிங்க்விட்ஸின் கட்டுரை 1976-இல் வெளிவந்தது. இரண்டு பட்டர்வொர்த் வடிப்பான்களை வரிசையாக வைத்தால் இது கிடைக்கும். பிரிவு இடத்தில் இரண்டு டிரைவர்களும் ஒரே ஃபேஸில் நிற்பதால் ஒலி மேலேயோ கீழேயோ சாயாமல் நேராக வரும். ட்வீட்டருக்கும் நல்ல பாதுகாப்பு, அலுமினிய வூஃபரின் முகடும் அடங்கும். பாசிவாக, அதாவது ஆம்புக்குப் பின்னால் காயிலும் கண்டன்சரும் வைத்து, கட்டினால் ஒரு பெட்டிக்கு நான்கு காயில், நான்கு கண்டன்சர். செலவும் இடமும் ஏறும். ஆனால் உண்மையில் அத்தனை பாகங்கள் தேவைப்படுவதில்லை. ஏன் என்று அடுத்து பார்ப்போம்.

சூத்திரம் வழுக்கும் இடங்கள்

மேலே போட்ட கணக்கெல்லாம் ஸ்பீக்கருக்குப் பதில் ஒரு 8 ஓம் ரெசிஸ்டரை மாட்டியிருப்பதாக நினைத்துப் போட்டது. வூஃபர் அப்படி நடந்துகொள்ளாது. நம் வூஃபரின் 0.6 மில்லிஹென்றி 2500 ஹெர்ட்ஸில் 9.4 ஓம் ஆகிறது. 6 ஓம் டிசி ரெசிஸ்டன்ஸோடு சேர்ந்து மொத்தம் 11 ஓம். வடிப்பானுக்கு 8 ஓம் என்று சொல்லி வைத்தோம், 11 வந்து நிற்கிறது. சரிவு தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு வந்துவிடும், பேச்சுக்குரல் முரட்டுத்தனமாகக் கேட்கும்.

இதைச் சரிசெய்ய வூஃபரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கண்டன்சரும் வரிசையாகப் போடுவார்கள், பெயர் ஸோபல். ரெசிஸ்டர் டிசி மதிப்பைப் போல் 1.25 மடங்கு, அதாவது 7.5 ஓம். கண்டன்சருக்கு, இண்டக்டன்ஸை அந்த ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுங்கள்: 10.7 மைக்ரோஃபாரட். 10 போட்டாலே போதும். இப்போது வடிப்பானுக்கு வூஃபர் கிட்டத்தட்ட ஒரு ரெசிஸ்டராகத் தெரியும்.

அடுத்தது நமக்குச் சாதகமான வழுக்கல். டோம் ட்வீட்டர் தன் ஒத்ததிர்வுக்குக் கீழே தானாகவே ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் இறங்குகிறது. சர்க்யூட்டின் 12 டெசிபலோடு இதுவும் சேரும்போது, காதுக்கு வந்து சேரும் ஒலியின் சரிவு 24-ஐ நெருங்கிவிடுகிறது. வூஃபருக்கும் மேல் பக்கத்தில் இப்படி ஒரு சொந்தச் சரிவு உண்டு. அனுபவம் உள்ளவர்கள் "24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி" என்று சொல்லும்போது பல சமயம் இந்தச் சேர்க்கையைத்தான் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது இரண்டு மூன்று பாகங்கள் கொண்ட எளிய சர்க்யூட்டாக இருக்கும். குறிவைக்க வேண்டியது ஒலியின் சரிவு. மின்சாரத்தின் சரிவு அங்கே போய்ச் சேர ஒரு வழி, அவ்வளவுதான்.

மூன்றாவது, ஆழம். தட்டையான பலகையில் மாட்டினால் வூஃபரின் ஒலி பிறக்கும் இடம் ட்வீட்டரைவிட இரண்டு சென்டிமீட்டராவது பின்னால் இருக்கும். 2500 ஹெர்ட்ஸில் இரண்டு சென்டிமீட்டர் என்பது 50 டிகிரிக்கு மேல். புத்தகம் சொன்ன ஃபேஸ் கணக்கு இங்கேயே குலைந்துவிடுகிறது.

நான்காவது, பெட்டியின் அகலம். 115-ஐ அகலத்தால் (மீட்டரில்) வகுத்தால் ஓர் அதிர்வெண் கிடைக்கும். நமக்கு 575 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் ஒலி பலகையில் பட்டு முன்னால் வரும், கீழே போகப் போகப் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவிவிடும். நட்ட நடு அறையில் வைத்தால் 6 டெசிபல் வரை இழப்பு, சுவரை ஒட்டி வைத்தால் அதைவிடக் குறைவு. புதிதாகக் கட்டியவர்கள் "பாஸே இல்லை, குரல் மெலிந்து கேட்கிறது" என்று புலம்புவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம். சுலபமான மருந்து, வூஃபர் காயிலைப் பெரிதாக்குவது: சூத்திரம் 1 மில்லிஹென்றி சொன்ன இடத்தில் 1.5, சில சமயம் 2 என்று போய் முடியும். காயிலைப் பெரிதாக்கினால் பிரிவு இடமும் நகரும் என்பதால் கண்டன்சரையும் கூடவே திருத்த வேண்டும்.

இத்தனையையும் கால்குலேட்டரில் போட முடியாது. விட்யூக்ஸ்கேட், எக்ஸ்சிம் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. டிரைவர்களைப் பெட்டியில் மாட்டி, கிராஸ்ஓவர் இல்லாமல் தனித்தனியாக அளந்த கோப்புகளை அதில் ஏற்றினால், ஒவ்வொரு பாகத்தையும் மாற்றும்போது கோடு எப்படி நகர்கிறது என்று திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். அளக்க மினிடிஎஸ்பியின் யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக் போதும். ட்வீட்டரை அளக்கும்போது சத்தத்தைக் குறைத்து, 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் ஓட விடுங்கள்.

ட்வீட்டரைத் தணிப்பது

நம் ட்வீட்டர் 91, வூஃபர் 87. நான்கு டெசிபல் குறைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் பெட்டி அகலத்தை ஈடுகட்டியதில் வூஃபரின் நடுப்பகுதி 84-க்கு இறங்கியிருக்கும். ஆகவே 7 டெசிபல் குறைக்க வேண்டும். ட்வீட்டருக்கு முன்னால் வரிசையில் 4.7 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 6.8 ஓம், கிட்டத்தட்ட அந்த அளவு வரும். நான்கு டெசிபல் போதும் என்கிற ஜோடிக்கு 3.3 ஓமும் 15 ஓமும். இரண்டு ரெசிஸ்டர் போடுவதற்குக் காரணம், வடிப்பானின் பார்வைக்கு மொத்தம் 8 ஓமை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதுதான்.

பாசிவா, ஆக்டிவா

ஆக்டிவ் என்றால் ஆம்புக்கு முன்னாலேயே பிரித்துவிட்டு, வூஃபருக்கு ஓர் ஆம்ப், ட்வீட்டருக்கு ஓர் ஆம்ப் என்று தனித்தனியாகக் கொடுப்பது. மேலே சொன்ன வழுக்கல்களில் பாதி இங்கே காணாமல் போகும். இம்பிடன்ஸ் எப்படி ஏறி இறங்கினாலும் வடிப்பானுக்குக் கவலை இல்லை. டிஎஸ்பி போர்டாக (ஒலியை டிஜிட்டலாகக் கையாளும் போர்டு) இருந்தால் இரண்டு சென்டிமீட்டர் ஆழ வித்தியாசத்துக்கு ட்வீட்டரை 58 மைக்ரோசெகண்ட் தாமதப்படுத்தினால் போதும். 24 டெசிபல் வேண்டுமா, ஒரு கிளிக். மினிடிஎஸ்பி 2x4 இதற்குப் பரவலாக உள்ள பெட்டி. ஏடிஏயூ1701 சிப் வைத்த மலிவான போர்டுகளும் கிடைக்கின்றன. விண்டோஸ் கணினியும் 5.1 சவுண்ட் கார்டும் இருந்தால் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்துபார்க்கலாம்.

ஒரே ஒரு ஆபத்து: ட்வீட்டர் நேராக ஆம்பில் தொங்கும். ஆம்ப் ஆன் செய்யும்போது வரும் "டப்" ஒன்றே அதை முடித்துவிடலாம். வரிசையில் 20 முதல் 40 மைக்ரோஃபாரடுக்குள் ஒரு பாதுகாப்புக் கண்டன்சர் போட்டுவிடுங்கள்.

என் கருத்து இது: வீட்டில் ஒரே ஆம்ப்தான், இனியும் அப்படித்தான் என்றால் பாசிவ். பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று சும்மா கிடக்கிறது என்றால் முதலில் டிஎஸ்பியில் விளையாடுங்கள். பிரிவு இடத்தை 2000-க்கும் 3000-க்கும் நடுவே நகர்த்தி, சரிவை மாற்றி மாற்றிக் கேட்டால் ஒரு மாலைப் பொழுதில் காது நிறையக் கற்றுக்கொள்ளும். அப்புறம் பிடித்த அமைப்பைப் பாசிவாகக் கட்டிக்கொள்ளலாம்.

பாகம் வாங்கும்போது

ரெடிமேட் டிவைடர் போர்டைச் சென்னை ரிச்சி தெருவில் பார்த்தால் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். முன்னால் "200 வாட், இருவழி" என்று அச்சிட்டிருக்கும். பிரிவு அதிர்வெண் எழுதியிருக்கிறதா? பல போர்டுகளில் இருக்காது. ட்வீட்டர் பக்கம் ஒரு கண்டன்சர் மட்டும் இருந்து காயில் இல்லை என்றால், அது 6 டெசிபல், அச்சு என்ன சொன்னாலும். கண்டன்சரின் மதிப்பைப் படித்துப் பிரிவு இடத்தை நீங்களே கணக்கிடலாம்: 4.7 மைக்ரோஃபாரட் ஒற்றையாக இருந்தால் 8 ஓமுக்கு 4200 ஹெர்ட்ஸ். ஆறரை அங்குல வூஃபர் அதுவரை தாங்காது. அந்த விலைக்குக் காயிலும் கண்டன்சரும் தனியாக வாங்குவது மேல்.

ட்வீட்டருக்கு வரிசையில் வரும் கண்டன்சர் பாலிப்ராப்பிலீனாக, 100 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஸோபலில் பைபோலார் எலக்ட்ரோலிட்டிக் போதும். சாதாரண பிளஸ் மைனஸ் போட்ட எலக்ட்ரோலிட்டிக் எங்கேயும் கூடாது. தங்க எழுத்து அச்சிட்ட விலை உயர்ந்த கண்டன்சரில் போடும் காசை மைக்கில் போடுங்கள். காயிலில் கம்பியின் தடிமன் பாருங்கள். 18 கேஜ் ஏர்கோர் (நடுவில் இரும்பு இல்லாத காயில்) 1 மில்லிஹென்றி சுமார் 0.4 ஓம் இருக்கும், அது தாங்கக்கூடிய இழப்பு. ரெசிஸ்டர் 10 வாட் வயர்வவுண்ட். சூடேறும் என்பதால் போர்டை ஒட்டாமல் கொஞ்சம் தூக்கி வையுங்கள். இரண்டு காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளி, வூஃபர் காந்தத்தை விட்டு விலகி வைக்க வேண்டும். அருகருகே ஒரே திசையில் படுக்க வைத்தால் ஒன்றின் சிக்னல் மற்றதில் கசியும்.

மாட்டிச் சோதிப்பது

ஆம்பை இணைக்கும் முன் மல்டிமீட்டர். வூஃபர் பக்க நுழைவில் 6.4 ஓம் மாதிரி காட்ட வேண்டும். ட்வீட்டர் பக்க நுழைவில் எதுவும் காட்டக் கூடாது, கண்டன்சர் டிசியைத் தடுக்கிறது. அங்கே சில ஓம் காட்டினால் எங்கோ தப்பாக இணைத்திருக்கிறீர்கள். பாட்டுப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு சரிபாருங்கள்.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. மைக்கை ட்வீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் தள்ளி வைத்து, இரண்டு டிரைவர்களும் சேர்ந்து ஒலிக்க ஒரு அளவு எடுங்கள். பிறகு ட்வீட்டரின் இரண்டு ஒயர்களை மட்டும் மாற்றிப் போட்டு, மைக்கை அசைக்காமல், மறுபடி அளங்கள். ஃபேஸ் சரியாகப் பொருந்தியிருந்தால் இரண்டில் ஒரு கோடு பிரிவு இடத்தில் கிணறு மாதிரி இறங்கும், மற்றது சமமாக ஓடும். சமமாக ஓடுகிற இணைப்புதான் சரியானது. கிணறு 20 டெசிபலுக்கு மேல் ஆழமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் உங்கள் வேலை பிரமாதம். ஆறேழு டெசிபல் பள்ளம் மட்டும் விழுந்தால், அல்லது பள்ளம் 3500-க்கு ஒதுங்கி நின்றால், இரண்டு டிரைவர்களும் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்கவில்லை. ட்வீட்டர் காயிலைப் பத்து சதவீதம் கூட்டிக் குறைத்து மென்பொருளில் பாருங்கள். அநேகமாக அங்கேயே தீர்வு கிடைக்கும்.

அளவுகள் சரியாக வந்தபின், பாட்டுக்கு முன் செய்தி வாசிக்கும் ஆண் குரல் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். குரல் ஒரே வாயிலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும்; 'ச' எழுத்துகள் மட்டும் மேலே தனியாகத் தெறித்தால் 4.7 ஓமை 5.6 ஆக்கிப் பாருங்கள். இந்த மாற்றங்களையெல்லாம் முடிக்கும்வரை கிராஸ்ஓவர் பெட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும், நீள ஒயரில். இரண்டாவது பெட்டிக்கு அதே மதிப்புகளைப் போட்டு அதையும் அளங்கள். இரண்டு கோடுகளும் ஒரு டெசிபலுக்குள் ஒத்துப்போகும்வரை போர்டைப் பெட்டிக்குள் திருகாதீர்கள்.